சரஸ்வதிக்கு முன்னால் ஒரு கிளித்தட்டு

1976 ஒக்டோபர் 2, சனிக்கிழமை. காலை ஆறு மணிக்கு எழுந்தேன். வாசலில் நின்ற பால் போத்தல்களை உள்ளே எடுத்து வைத்தேன். தேநீருக்குக் கேத்திலைப் போட்டேன். முன்புறப் புல்லை வெட்டுவது சனிக்கிழமை வேலை. பனி ஈரம் காயும்வரை பொறுத்திருந்து, ஒன்பது மணிக்கு வெட்டி, ஓரங்களைக் கத்தரித்து, மெஷினைத் துடைத்து அதன் இடத்தில் நிறுத்தினேன். பிறகு பின்வேலியோரம் நின்ற கமேலியாவில் வெள்ளைப் பூக்களாகப் பார்த்துப் பறித்தேன். அன்று சரஸ்வதி பூசை.

நாங்கள் அப்போது மெல்பேர்னில், கிளேட்டனில் இருந்தோம். நான் ஓர் அலுவலகத்தில் நில வரைபடங்கள் வரைபவன். என் மனைவி வீட்டிலிருந்தே தைத்துக் கொடுப்பாள். அவளுடைய தம்பி, அதாவது என் மச்சான், எங்கள் முன் அறையில் இருந்தான். பகலில் அவன் ஒரு தொலைக்காட்சித் தொழிற்சாலையில் பழுது பார்ப்பவன். மாலையில் முன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, தொலைக்காட்சியில் விளையாடுவதற்கு ஒரு பெட்டி செய்துகொண்டிருந்தான்.

இன்று இதை எழுதும்போது அது பெரிய விஷயமாகத் தெரியாது. அன்று தொலைக்காட்சி என்றால் எதிரில் உட்கார்ந்து பார்ப்பது, அவ்வளவுதான். அதனோடு விளையாடுவது என்பது நாற்காலியோடு பேசுவதைப் போன்ற காரியம். மச்சான் அதற்கு ஒரு நியாயம் வைத்திருந்தான்.

"அத்தான், அது சொல்லுறதை நாங்கள் எத்தனை வருஷமாக் கேட்டுக்கொண்டு இருக்கிறம்? நாங்கள் சொல்லுறதை அது எப்ப கேக்கிறது?"

அமெரிக்காவில் ஒருவர் இதையே முன்னதாக யோசித்துச் செய்து முடித்திருந்தார் என்பது பிற்பாடுதான் எங்களுக்குத் தெரிந்தது. அப்போதே தெரிந்திருந்தாலும் மச்சான் நிறுத்தியிருக்க மாட்டான். "அவர் செய்தது அவற்ற பெட்டி" என்றிருப்பான்.

பெட்டி என்று நான் சொல்வது, குசினி அலுமாரி செய்தபோது மிஞ்சிய பலகையில் அடித்த ஒரு பெட்டியை. பழைய வானொலிகளில் கழற்றிய குமிழ்கள் ஆளுக்கு இரண்டாக நான்கு. தொலைக்காட்சிக்குப் போக ஒரு வயர். உள்ளே என்ன இருந்தது என்று எனக்கு விளக்கியிருக்கிறான், எனக்கு விளங்கியதில்லை. வெளியே நடப்பது இதுதான்: திரையில் இரண்டு வெள்ளைப் புள்ளிகள் தோன்றும். குமிழைத் திருப்பினால் புள்ளி நகரும். ஒன்று மற்றதைத் தொட்டால் 'பீப்' என்று ஒரு சத்தம். இதை வைத்து என்ன விளையாடலாம் என்று யோசித்தவன், நாங்கள் பள்ளிக்கூடத்தில் விளையாடிய கிளித்தட்டை எடுத்துக்கொண்டான். ஒரு புள்ளி கிளி. அது காவல் நிற்கும். மற்றது ஓடுகிறவன். குறுக்குக் கோடுகளையெல்லாம் பிடிபடாமல் கடந்து திரும்பி வந்தால் அவனுக்கு ஒரு வெற்றி. பிடிபட்டால் கிளிக்கு ஒரு வெற்றி.

கோடுகளை மின்சாரத்தால் வரைய இன்னொரு பெட்டி வேண்டுமாம். அதனால் அந்த வேலை எனக்கு வந்தது. திரையின் அளவுக்கு வெட்டிய ஒரு தெளிந்த பிளாஸ்டிக் தாளில் இந்தியன் மையால் கிளித்தட்டின் கோடுகள் முழுவதையும் வரைந்து கொடுத்தேன். திரையில் வைத்துத் தடவினால் ஒட்டிக்கொண்டுவிடும். விளையாட்டுப் பெட்டிகளின் வரலாற்றில் என் பங்கு அந்தக் கோடுகள். ஒன்றுக்கொன்று எந்த இடத்திலும் மயிரிழை விலகாதவை.

என் மனைவிக்கு இவை எதிலும் நம்பிக்கை இல்லை. தம்பிக்கு முப்பத்திரண்டு வயது. அரசாங்க அலுவலகம் ஒன்றில் நிரந்தர வேலைக்கு அவளே விண்ணப்பம் வாங்கி, நிரப்பி, அனுப்பி, திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு நேர்முகத் தேர்வு வந்திருந்தது. மச்சானுக்கோ மின்சாரச் சாமான் கடைகள் வைத்திருந்த ஒருவர் கிடைத்திருந்தார். டிசம்பரில் வரும் நத்தார் வியாபாரத்துக்குப் பொருட்கள் பார்க்க ஹொங்கொங் போகும் மனிதர். போகுமுன் ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு வந்து பெட்டியைப் பார்ப்பதாகச் சொல்லியிருந்தார். அக்காவும் தம்பியும் என் முன்னால் ஒரு உடன்பாட்டுக்கு வந்தார்கள். கடைக்காரர் பெட்டியைத் தன்னோடு கொண்டுபோனால் நேர்முகத் தேர்வு இல்லை. கொண்டுபோகாவிட்டால் திங்கட்கிழமை கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு போகவேண்டியது, பெட்டி குப்பைக்கு.

சனிக்கிழமை பதினொரு மணிக்குச் சாப்பாட்டு அறை மூலையில் பூசை. மணையில் சரஸ்வதி படம். முன்னால் என் வரைபேனாக்கள், அடிமட்டம், நாட்குறிப்பு. மனைவியின் தையல் மெஷின், கத்தரிக்கோல். மச்சான் தன் சோல்டரிங் அயனையும் திருகாணிச் சாவிகளையும் வைத்தான். பிறகு, யாரும் கேட்காமலே, முன் அறைக்குப் போய்ப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

"நாளைக்குப் பெரிய அலுவல். இதையும் ஒருக்காப் படைச்சு விடக்கா," என்றான்.

கோயிலுக்குக் கூப்பிட்டால் சளி பிடித்திருக்கிறது என்பவன். மனைவிக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. பெட்டிக்குச் சந்தனம், குங்குமம், ஒரு கமேலியாப் பூ. மேலே மடியாமல் வைத்திருந்த என் பிளாஸ்டிக் தாளுக்கும் நட்ட நடுவில் சந்தனத்தைத் தொட்டு, அதன்மேல் பெரியதாக ஒரு குங்குமப் பொட்டு வைத்தாள். கற்பூரம் காட்டினாள். மூவரும் கும்பிட்டோம்.

பன்னிரண்டரைக்கு டெலிபோன் அடித்தது. மச்சான்தான் எடுத்தான். கடைக்காரருடைய விமானம் ஞாயிறு காலைக்கு மாறிவிட்டதாம். அன்றே ஒரு மணிக்குக் கடைகளைப் பூட்டிவிட்டு, நான்கு மணிக்கு வந்து பார்க்கலாமா என்று கேட்டாராம். மச்சான் "ஷுவர், ஷுவர்" என்று வைத்துவிட்டுத் திரும்பி, பூசை மூலையைப் பார்த்தான். பார்த்த பிறகுதான் அவனுக்கு விஷயம் உறைத்தது. சரஸ்வதிக்கு வைத்ததை விஜயதசமி விடியுமுன் எடுக்கக் கூடாது, பாவிக்கக் கூடாது. சின்ன வயதில் இதைச் சொல்லித்தான் நாங்கள் எல்லோரும் ஒரு நாள் முழுக்கப் படிக்காமல் தப்பியிருக்கிறோம்.

"அக்கா, பெட்டியை எடுக்கப் போறன்."

"எங்கயிருந்து?"

"பூசையிலயிருந்து."

"நாளைக்குக் காலமை எடு."

"அவர் இண்டைக்கு நாலு மணிக்கு வாறார். நாளைக்கு ஹொங்கொங் போறார்."

"போட்டு வரட்டும். சரஸ்வதி ஓடிப் போகமாட்டா."

"அக்கா, இது விளையாட்டில்லை."

"விளையாட்டுப் பெட்டி எண்டுதானே இவ்வளவு நாளும் சொன்னனீ? நான் வைக்கச் சொன்னனானோ? நீயாக் கொண்டு வந்து வைச்சனீ."

"அப்ப குசினிக் கத்தியை மட்டும் ஏன் வைக்கேல்லை? அது உன்ர தொழில் சாமான் இல்லையோ?"

"அதையும் வைச்சால் மத்தியானம் என்னத்தைத் தின்னுவாய்?"

பிறகு அவள் என் பக்கம் திரும்பினாள். "இஞ்சருங்கோ, நீங்கள் சொல்லுங்கோ."

இரண்டு பக்கத்திலும் நியாயம் இருக்கிறது என்று சொன்னேன். இருவருக்கும் என்மேல் கோபம் வந்தது. அந்த அளவில் வீட்டில் ஒற்றுமை ஏற்பட்டது.

அது நீடிக்கவில்லை. "எனக்கு விளங்குது," என்றான் மச்சான். "நீ வேணுமெண்டுதான் செய்யிறாய். திங்கக்கிழமை என்னை அந்தக் கந்தோருக்கு அனுப்ப உனக்கு இது வசதியாப் போச்சு."

மனைவி குசினிக்குப் போனாள். அவள் கோபத்தில் பாத்திரம் கழுவினால் வீதிவரை கேட்கும். அன்று ஒரு சத்தமும் இல்லை. மச்சான் வெளியே போய், வெட்டிய புல்லின்மேல் உட்கார்ந்துகொண்டான். நான் நாட்குறிப்பை எடுக்கலாம் என்று கையை நீட்டி, அதுவும் பூசையில் இருப்பதை நினைத்துக் கையை இழுத்துக்கொண்டேன்.

இரண்டு மணிக்கு அவள் வெளியே வந்தாள். தீர்ப்பை யோசித்து முடித்திருந்தாள்.

"இந்தா கேள். பெட்டி இருந்த இடத்தைவிட்டு அசையக் கூடாது. நீ தொடக் கூடாது, அத்தான் தொடக் கூடாது, நான் தொடமாட்டன். வாற மனிசன் தொட்டால் அது அவற்ற பாடு. அவர் சரஸ்வதிக்கு ஒண்டும் படைக்கேல்லை. அவருக்கு விலக்கும் இல்லை."

"அப்ப ரீவி?"

"ரீவியை எங்க வேணுமெண்டாலும் கொண்டு போ. அது ஆற்றயும் தொழில் சாமானோ? சோம்பேறிச் சாமான்."

ஆகவே பெட்டி தொலைக்காட்சியிடம் வராதபடியால், தொலைக்காட்சி பெட்டியிடம் போனது. கால்களோடு கூடிய மரக் கூட்டுத் தொலைக்காட்சி அது. கறுப்பு வெள்ளை. நானும் மச்சானும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து, கதவு நிலையில் இரண்டு இடத்தில் கீறல் போட்டு, சரஸ்வதிக்குப் பக்கவாட்டில் கொண்டுபோய் நிறுத்தினோம். அப்போது மச்சான் அடுத்த சிக்கலைக் கண்டான்.

"அத்தான், இது ரண்டு பேர் விளையாடுறது. அவர் ஆரோட விளையாடுறது?"

இந்த இடத்தில் பக்கத்து வீட்டுக் கிரேக்கப் பெண்மணியைச் சொல்ல வேண்டும். எழுபது வயதுக்குக் குறையாத விதவை. எப்போதும் கறுப்பு உடை. வேலிக்கு மேலால் எங்களுக்கு எலுமிச்சம்பழம் தருவார். என் மனைவி வடை கொடுப்பாள். அவருக்குத் தெரிந்த ஆங்கிலம் பெரும்பாலும் மரக்கறிகளின் பெயர்கள். அதற்கு வெளியே 'குட்', 'நோ குட்', 'ஃபினிஷ்'. மனைவி வேலியடிக்குப் போய், என்ன சொன்னாளோ, கையோடு கூட்டிவந்தாள். அவர் சரஸ்வதியைப் பார்த்ததும் மார்பில் சிலுவை போட்டுக்கொண்டு, செருப்பைத் தானாகவே கழற்றினார். மச்சான் சற்றுத் தள்ளி நின்று காற்றில் குமிழ்களைத் திருப்பிக் காட்ட, அவர் வயரைத் தொலைக்காட்சியில் மாட்டினார், தாளைத் திரையில் ஒட்டினார், பெட்டியை முடுக்கினார். மாட்டுவதற்குத் திருகாணிச் சாவி பூசையில் இருந்ததால் வெண்ணெய்க் கத்தியைக் கொடுத்தோம். பத்து நிமிடத்தில் அவர் கிளியாக ஓடப் பழகிவிட்டார்.

கடைக்காரர் சரியாக நான்கு மணிக்கு வந்தார். உயரமான மனிதர், அரைக் காற்சட்டை, முழங்கால்வரை வெள்ளைக் காலுறை. சப்பாத்தைக் கழற்றச் சொன்னபோது கழற்றினார். நிலத்தில் உட்காரச் சொன்னபோது பகுதி பகுதியாக உட்கார்ந்தார். சரஸ்வதி படத்தைக் காட்டி யார் என்று கேட்டார். மச்சானுக்கு ஆங்கிலத்தில் சட்டென்று வந்தது, "கல்விக்குப் பொறுப்பானவர்" என்பதுதான். அவர் அமைச்சர் ஒருவருக்குச் செய்வதுபோல் தலையைத் தாழ்த்தினார்.

முதல் ஆட்டத்தில் முதலாவது கோட்டிலேயே பிடிபட்டார். 'பீப்.'

"ஃபினிஷ்," என்றார் கிரேக்கப் பெண்மணி.

இரண்டாவது ஆட்டத்திலும் அப்படித்தான். மூன்றாவதில் கடைக்காரர் மேற்சட்டையைக் கழற்றிவிட்டு முன்னால் சரிந்தார். யார் எத்தனை என்று கணக்கு வைக்க வேண்டும் என்றார். பெட்டிக்கு எண்ணத் தெரியாது. கணக்கு வைப்பது என் பொறுப்பு என்று முன்னமே பேசி வைத்திருந்தோம். ஆனால் அன்று எழுதக் கூடாது. அதனால் படையலில் இருந்த அவித்த கடலையை ஒரு கிண்ணத்தில் வாங்கி, இரண்டு தட்டுகள் எடுத்து, வென்றவர் தட்டில் ஒரு கடலை வீதம் போட்டேன்.

நடுவில் கடைக்காரர் விளையாட்டை நிறுத்தித் திரையைச் சுட்டிக்காட்டினார்.

"இந்தச் சிவப்பு? இது ஏன் நகரவில்லை?"

அது என் மனைவியின் குங்குமப் பொட்டு. எங்கள் கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சியில் அன்று இருந்த ஒரே நிறம் அதுதான். மச்சான் என்னைப் பார்த்தான். நான் கடலையைப் பார்த்தேன்.

"அது ஆபத்தான இடம்," என்றான் மச்சான் ஆங்கிலத்தில், கண் சிமிட்டாமல். "அதில் பட்டால் தோல்வி."

"பிரமாதம்!" என்றார் கடைக்காரர். அதன் பிறகு அவர் பொட்டைச் சுற்றிச் சுற்றி ஓடினார். கிரேக்கப் பெண்மணிக்கு யாரும் இதைச் சொல்லாததால் அவர் பொட்டுக்கு மேலாலேயே வந்து பிடித்தார். "ஃபினிஷ்." கடைக்காரர் முறையிட்டார். மச்சான் அந்தக் கணத்தில், கிளிக்கு மட்டும் அனுமதி உண்டு என்று இன்னொரு சட்டம் இயற்றினான்.

"என்னடா சொல்லுறாய் அவருக்கு?" என்றாள் மனைவி குசினி வாசலிலிருந்து.

"உன்ர பொட்டு நல்லா வேலை செய்யுது எண்டு."

ஐந்தரை மணிக்குக் கடைக்காரர் குமிழை விட்டார். பெட்டியை எடுத்துத் தன் மடியில் வைக்கப் போனார். மனைவி ஓடிவந்து நடுவில் நின்றாள். அவர் ஹொங்கொங்கில் தனக்குத் தெரிந்த தொழிற்சாலைக்குக் காட்டவேண்டும், இப்போதே கொண்டுபோகிறேன் என்றார். மச்சானின் முகம் விளக்கு ஏற்றியதுபோல் ஆனது. அக்காவைப் பார்த்ததும் அணைந்தது. நாளை காலை ஆறு மணிக்குமுன் பெட்டி இந்த இடத்தைவிட்டுப் போகாது என்று அவனே ஆங்கிலத்தில் சொன்னான். சொல்லும்போது அவன் குரல் எனக்கே கேட்கவில்லை.

கடைக்காரர் சிரித்தார். பேரம் என்று நினைத்துவிட்டார். வேறு யாருக்காவது காட்டப் போகிறீர்களா என்று கேட்டார். இல்லை என்றோம். நம்பவில்லை. நல்ல விலை தருவேன் என்றார். மனைவி தலையை ஆட்டினாள். இன்னும் நல்ல விலை என்றார். மனைவி வடைத் தட்டை நீட்டினாள். முப்பது வருடமாகக் கொள்முதல் செய்கிறேன், இப்படி ஒரு கல் நெஞ்சை எங்கும் பார்த்ததில்லை என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார். அதில் மரியாதைதான் இருந்தது. காலையில் விமானம் இருப்பதால், வர முடியுமோ தெரியாது என்று எழுந்தார். மச்சான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

வாசலில் சப்பாத்தைப் போட்டுக்கொண்டே அவர் கேட்டார்: "அது சரி, யார் வென்றது?"

நான் தட்டுகளைக் கொண்டுவந்து காட்டினேன். கிரேக்கப் பெண்மணியின் தட்டில் ஏழு கடலை. கடைக்காரரின் தட்டில் ஒன்றும் இல்லை. விளையாட்டு மும்முரத்தில் தன் வெற்றிகளையெல்லாம் அவர் தின்றுவிட்டிருந்தார்.

"எனக்கு எட்டு இருந்தது," என்றார்.

"நாலு," என்றேன். எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

"எட்டு!"

"ஃபினிஷ்," என்றார் கிரேக்கப் பெண்மணி.

கடைக்காரர் ஒரு சப்பாத்தோடு நின்றபடி அந்த ஏழு கடலையையும் திரும்ப எண்ணினார். பிறகு, விமான நிலையத்துக்கு இந்த வழியாகவும் போகலாம், ஆறு மணிக்கு வருகிறேன் என்றார். அவரைத் திரும்ப அழைத்து வந்தது பெட்டியின் அருமை என்று மச்சான் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தான். அந்த எட்டுக்கும் நாலுக்கும் இடையிலிருந்த வித்தியாசம்தான் என்பது என் கணிப்பு.

பெட்டி பின்னால் என்ன ஆயிற்று என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அது ஹொங்கொங் போனது. அங்கே பந்தடிக்கும் விளையாட்டு ஒன்றை நகத்தளவு சில்லு ஒன்றில் அடக்கி வைத்திருந்தார்களாம். கடைக்காரர் அவற்றைக் கப்பலில் வரவழைத்தார். மச்சானின் பெட்டி, தாளில் கலங்கிய பொட்டோடு, நத்தாருக்கு முன் தபாலில் திரும்பி வந்தது. ஹொங்கொங்காரருக்கு அந்தச் சிவப்புப் புள்ளி மட்டும் பிடித்திருந்தது என்று ஒரு குறிப்பும் வந்தது. ஆனால் 'கொண்டுபோனால்' என்பதுதான் உடன்பாடு. கொண்டுபோனார். எனவே திங்கட்கிழமை மச்சான் நேர்முகத் தேர்வுக்குப் போகவில்லை. பெட்டி திரும்பி வந்தபோது அந்த வேலையில் வேறொருவர் உட்கார்ந்திருந்தார். பந்தடிப் பெட்டிகள் பழுதாகத் தொடங்கியதும், கடைக்காரர் அவற்றைத் திருத்த மச்சானை எடுத்துக்கொண்டார். அவன் கடைசிவரை கழுத்துப்பட்டி கட்டவில்லை. வீட்டுத் தொலைக்காட்சி விளையாட்டுகளை முதலில் செய்தவர்களைப் பற்றி யாராவது எழுதினால் அதில் அவன் இருக்க மாட்டான். அவன் செய்தது ஒன்றே ஒன்று. அதை விளையாடியவர்களை இரண்டு கைவிரல்களில் எண்ணிவிடலாம். அவர்களில் ஒருவரும் பாதியில் எழுந்து போனதில்லை.

அன்று இரவு மச்சான் சாப்பிட உட்கார்ந்தபோது, மத்தியானம் சொன்னதைத் திரும்பப் பெறுவதற்காக, "அக்கா, கடலை நல்லா இருந்தது," என்றான்.

"நீ எங்க தின்னனீ? எல்லாம் அந்த மனிசன்தானே திண்டது," என்றாள் அவள். அதோடு சமாதானம்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, விஜயதசமி. நான் எழுந்தபோது மனைவி தலை முழுகி விளக்கேற்றியிருந்தாள். வெளியே டாக்சி ஓடிக்கொண்டே நின்றது. கடைக்காரர் கோட்டு சூட்டோடு, கையில் சப்பாத்தோடு, பூசைக்கு முன்னால் நின்றார். கிரேக்கப் பெண்மணி எங்கே என்று இரண்டு தரம் கேட்டார். தேவாலயத்துக்குப் போய்விட்டார் என்றோம். யன்னலில் வெளிச்சம் வந்ததும் மனைவி கற்பூரம் காட்டினாள்.

"கொண்டு போகலாமா?" என்றார் கடைக்காரர்.

"பொறுக்கச் சொல்லு," என்றாள் மனைவி. "படைச்ச சாமானை எடுத்தவுடன முதல்ல அதில வேலை செய்யவேணும். பேந்துதான் குடுக்கிறது."

மச்சான் ஒரு பக்கத்துக் குமிழ்களைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். எதிரே யார் என்று நான் பார்க்குமுன், மனைவி சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு மற்றப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். அந்தப் பெட்டியை அதுவரை அவள் விளையாடத் தொட்டதே இல்லை.

"ஆர் கிளி?" என்றான் மச்சான்.

"நான்தான். ஓடு பாப்பம்."

அவன் ஓடினான். கடைக்காரர் பின்னால் நின்று, "இடது பக்கம், இடது பக்கம்!" என்று மச்சானுக்குக் கத்தினார். மனைவி இரண்டாவது கோட்டில் தம்பியைப் பிடித்தாள்.